ஸ்பேனர் யார் கையில்?

ஐப்பசி அடைமழையில் இரண்டு நாள் கொட்டகையிலேயே கிடந்த காரை மூன்றாம் நாள் காலை எடுக்கப் போனேன். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றது. மறுபடி திருப்பினேன், மறுபடி 'டிக்'. செல்ஃப் எடுக்கவில்லை. ஆனால் ஹெட்லைட்டைப் போட்டால் எதிர்ச் சுவரில் பளிச்சென்று வெளிச்சம் விழுகிறது. ஹார்ன் அடித்தால் பக்கத்து வீட்டு நாய் குலைக்கிறது. பேட்டரிக்கு மூன்று வயது முடிந்திருந்தது. சரி, அதற்குக் காலம் வந்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, பைக்கை எடுத்துக்கொண்டு நாகப்பட்டினம் போய்ப் புது பேட்டரி வாங்கிவந்து நானே மாட்டினேன். வண்டி ஒரே அடியில் கிளம்பியது. மெக்கானிக் கூலி மிச்சம் என்று அன்று முழுக்க ஒரு மிதப்பு.

பதினோராம் நாள் காலை, அதே 'டிக்'.

எங்கள் மெக்கானிக்கை கீழ்வேளூரில் நாங்கள் எல்லாருமே 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம். போன் போட்டேன். வருகிறேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தால், கேள்வி கேட்டார்.

"லைட்டு நல்லா எரியுதா தம்பி?"

"நல்லாவே எரியுது பாய்."

"செல்ஃப் அடிக்கிறப்ப என்னாவுது? அப்படியே நிக்கிதா, மங்குதா, அணையுதா?"

அதை நான் பார்க்கவே இல்லை. லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். சுத்தமாக அணைந்தது. சாவியை விட்டதும் பழையபடி பளிச்.

"அப்ப டெர்மினல்தான். பானட்டத் தொறந்து கிளாம்பைக் கையால திருகிப் பாருங்க. ஆடும். நான் வர வேண்டியதில்ல."

ஆடியது. கழற்றிப் பார்த்தால், கிளாம்பின் உள்வளையத்தில் விபூதியை அப்பினதுபோல வெள்ளைப் பொடி, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. பேட்டரியிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தையும் செம்பையும் தின்று உண்டாக்கிய உப்புகள். மின்சாரத்துக்கு அது பாதையல்ல, வேலி.

இங்கே கணக்கு சுவாரசியமானது. கார் பேட்டரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட், ஆக முழுதாக நிரம்பிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து இழுப்பது 10 ஆம்பியர். ஸ்டார்ட்டர் மோட்டாரோ நூறு, நூற்றைம்பது ஆம்பியர் கேட்கும். அந்த வெள்ளைப் பொடி நடுவில் 0.05 ஓம் தடையை வைக்கிறது என்று கொள்வோம். ஓம் விதிப்படி, லைட் எரியும்போது அந்த இடத்தில் தொலைவது 10 பெருக்கல் 0.05, அதாவது அரை வோல்ட். கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் இழுக்கப் பார்த்தால் தொலைவது 5 வோல்ட். மிச்சமிருக்கும் ஏழு சொச்சத்தில் மோட்டார் எங்கே சுற்றும்? அதற்குள்ளிருக்கும் சொலினாய்டு ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கைவிடும் ஓசைதான் அந்த 'டிக்'. அடைத்துக்கொண்ட மடை வழியாக ஒரு குடம் தண்ணீர் தாராளமாகப் போகும், ஒரு வேலி நிலத்துக்குப் பாயவேண்டிய தண்ணீர் போகாது. அதே சங்கதி.

அப்படியானால் புது பேட்டரி ஏன் பத்து நாள் வேலை செய்தது? கிளாம்பைக் கழற்றி மாட்டிய உரசலில் பொடி கொஞ்சம் உதிர்ந்து உலோகம் உலோகத்தைத் தொட்டிருக்கிறது. நோயைக் குணப்படுத்தியது அந்த உரசல். பேர் வாங்கியது பேட்டரி. சோடா உப்பு கரைத்த வெந்நீரை ஊற்றியதும் பொடி பொங்கி நுரைத்துக் கரைந்தது. உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். நெகட்டிவ் கிளாம்பை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். வண்டியின் உடம்பு முழுக்க நெகட்டிவோடு சேர்ந்தது. அதைப் பிரிக்காமல் பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் பேட்டரியின் மொத்தச் சக்தியும் அந்த ஸ்பேனர் வழியே பாயும். பேட்டரிமேல் ஹைட்ரஜன் வாயு கொஞ்சம் தேங்கியிருக்கவும் கூடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கக்கூடியது அது. பழைய பேட்டரி இன்னும் கொட்டகை மூலையில் இருக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டருக்கு ஆகுமா என்று அவ்வப்போது கேட்டு என் மனைவி அதை நினைவூட்டுவார்.

காரை நாமே பார்த்துக்கொள்வதா, மெக்கானிக்கிடம் விடுவதா என்று பேச்சு வந்தால் எல்லாரும் கழற்றிப் பூட்டுவதைப் பற்றியே பேசுகிறோம். ஸ்பேனர் செட் வாங்கலாமா, யூடியூபில் பார்த்துச் செய்யலாமா என்று. பேட்டரியைக் கழற்றிப் பூட்டியதில் என் கை ஒரு தப்பும் செய்யவில்லை. பணம் போனது கண்டுபிடித்ததில். ரிப்பேர் என்பதில் பாதிக்குமேல் துப்பறியும் வேலை. அந்த வேலைக்கு என்னிடம் பாதி அறிவும் பாயிடம் பாதி அறிவும் இருக்கிறது.

பாய் ஒரு நாளில் பல வண்டிகளைப் பார்க்கிறார், ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம். நான் ஒரே வண்டியைப் பல வருடமாகத் தினமும் ஓட்டுகிறேன். எந்தக் கோளாறு அடிக்கடி வரும், எது அபூர்வம் என்பது அவருக்குத் தெரியும். இந்த வண்டி நல்லபடி இருந்தபோது எப்படி இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். அதாவது, நான் கவனித்திருந்தால். தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதி, அவர் இறந்தபின் 1763-இல் வெளியான ஒரு கணிதக் கட்டுரையின் சாரம் இதுதான்: ஒரு தடயத்தைப் பார்த்து முடிவுக்கு வருமுன், அந்தத் தடயம் இல்லாமலே ஒவ்வொரு காரணத்துக்கும் எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காய்ச்சல் என்று போனால் டாக்டர் 'ஊர்ல இப்ப என்ன ஓடுது' என்பதை மனதில் வைத்துத்தானே நாடி பார்க்கிறார்? மூன்று வருடப் பேட்டரி செத்துப்போக வாய்ப்பு உண்டுதான். மழைக்காலத்தில், கடலிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் ஊரில், பூத்துப்போன டெர்மினலுக்கு அதைவிட வாய்ப்பு அதிகம். பாய் பேய்ஸைப் படித்ததில்லை. படித்த நான் பேட்டரி வாங்கினேன்.

இந்த ஊர்க் கணக்கு எந்தக் கம்பெனி கையேட்டிலும் இருக்காது. எங்கள் ஊர்ச் சாமியின் பெயர் கேடிலியப்பர், கேடு இல்லாதவர். ஊர்க் கார்களுக்கு அந்த வரம் வாய்க்கவில்லை. அவற்றின் கேடுகளுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு.

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கினால் வண்டிகள் சூடாக ஆரம்பிக்கும். இன்ஜின் சூடேறுவதற்குக் கையேட்டில் ஒரு பட்டியல் இருக்கும்: கூலண்ட் குறைவு, தெர்மோஸ்டாட் அடைப்பு, விசிறி, தண்ணீர் பம்பு, ஹெட் கேஸ்கெட். பாய் இதில் எதையும் தொடமாட்டார். குனிந்து, முன் கிரில் வழியாக டார்ச் அடித்துப் பார்ப்பார். அறுவடை மெஷின் தள்ளும் பதரும் வைக்கோல் தூசியும் காற்றோடு வந்து ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே அப்பிக்கொண்டிருக்கும். அந்த இடுக்குகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். இன்ஜினின் வெப்பத்தைத் தண்ணீர் சுமந்துவந்து ரேடியேட்டரில் இறக்குகிறது. அங்கிருந்து கொண்டுபோக வேண்டிய காற்றுக்கு வழியில்லை. கொதிக்கிற உலைக்குக் கம்பளி போர்த்தினதுபோல ஆகிறது.

இதை வீட்டிலேயே செய்யலாம். வண்டி முழுக்க ஆறியபின், தோட்டத்துக் குழாயை இன்ஜின் பக்கம் வைத்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விட வேண்டும். காற்று வந்த வழியாகவே பதரைத் திருப்பி அனுப்பும் வித்தை. வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் தகடுகள் மடங்கும், பிறகு பதரே தேவையில்லை, அடைப்பு நிரந்தரம். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறக்கக்கூடாது. அது குக்கர் மூடி. உள்ளே காற்றழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திருகியதும் அழுத்தம் விழுந்து அவ்வளவும் ஒரே நொடியில் கொதித்து முகத்துக்கு வரும்.

பங்குனியில் வேறு கதை. சம்பா தாளடிக்குப் பின் விதைத்த உளுந்தையும் பயறையும் செடியோடு பிடுங்கித் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள்தான் போரடிக்கும் மாடுகள். கொடிகள் அச்சில் சுற்றிக்கொண்டு, சைலன்சர் பக்கம் திரண்டு ஒட்டும். பெட்ரோல் காரில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ற உருளை அங்கேதான் இருக்கிறது. அது வேலை செய்யவே உள்ளே முந்நூறு டிகிரிக்குமேல் சூடு வேண்டும், நெடுந்தூரம் ஓடினால் அதைவிட வெகுவாக ஏறும். காய்ந்த சருகு 300 டிகிரிக்குள்ளேயே கருகிப் பற்றத் தயாராகிவிடும். கருகல் வாடை வந்தால் பிரேக் என்று நினைக்காதீர்கள், வண்டியை ஓரங்கட்டிக் குனிந்து பாருங்கள். ஆனால் வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவேண்டாம். பட்டறைகளில் இதற்கென்று குழி இருக்கும். எங்கள் மண்ணில் அதற்கும் ஒரு பருவம். ஐப்பசி பிறந்தால் பாயின் குழியில் ஊற்றெடுத்துத் தண்ணீர் நிற்கும், வாளி போட்டு இறைத்தாலும் மறுநாள் காலை அதே மட்டம்.

அப்புறம் எலி. வயலில் கதிர் போனதும் வயல் எலி வீடு தேட வேண்டும். ராத்திரி நிறுத்திய காரின் பானட்டுக்குள் கதகதப்பும் மறைவும் ஒருங்கே கிடைக்கின்றன. எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை, எதையாவது கொறித்துத் தேய்த்தே ஆக வேண்டும். ஒயரின் பிளாஸ்டிக் உறை அதற்கு வாகான பதம். சோயா எண்ணெய் கலந்த உறை என்பதால் எலிக்குப் பிடித்துப்போகிறது என்று அமெரிக்காவில் கார் உரிமையாளர்கள் கோர்ட்டுக்கே போனார்கள். சோயா வருவதற்கு முன்பும் எலி ஒயரைக் கடித்துக்கொண்டுதான் இருந்தது. ஹோண்டா நிறுவனம் மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் தடவிய டேப்பையே விற்கிறது, ஒயரைச் சுற்றிக்கொள்ள. தஞ்சாவூர் கிட்டி வைத்து வயலில் எலி பிடித்த நம்மவர்கள் கார் விஷயத்தில் புகையிலையை முடிந்து தொங்கவிடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

எலி கடித்ததில் பெரிய தொல்லை, முழுக்க அறுபடாத ஒயர். நாலைந்து இழை மட்டும் மிச்சமிருக்கும். மேட்டில் ஏறும்போது தொடும், பள்ளத்தில் விடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் சமர்த்தாக ஓடும். இங்கேதான் ஓட்டுகிறவரின் அறிவு விலைமதிப்புள்ளது. 'எப்பப்ப மிஸ்ஸாவுது?' என்று மெக்கானிக் கேட்பார். 'அப்பப்ப' என்று சொல்கிறவருக்குப் பாதி நாள் வேலையும் அதற்கான கூலியும். 'காலையில் முதல் ஐந்து நிமிடம் மட்டும், ரயில்வே கேட்டில் குலுங்கும்போது' என்று சொல்கிறவருக்கு அரை மணி. இப்போது என் காரின் டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடக்கிறது: தேதி, கிலோமீட்டர், மழையா வெயிலா, ஏசி ஓடியதா, என்ன சத்தம்.

அறுந்த ஒயரை வீட்டு ஒயர் மாதிரி முறுக்கி டேப் சுற்றலாமா? ஹார்னுக்கும் உள்விளக்குக்கும் தற்காலிகமாகச் சரி. இன்றைய காரில் எல்லா ஒயரும் ஒரே சாதியல்ல. இன்ஜின், பிரேக், டேஷ்போர்டு ஆகியவற்றின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது 'கேன்' எனப்படும் ஒரு ஜோடி ஒயர் வழியாக. பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட ஏற்பாடு அது. அந்த இரண்டும் ஜடைபோலப் பின்னியிருக்கும். அழகுக்கல்ல. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறும். கணினி பார்ப்பதோ இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும், ஆக இரைச்சல் கழிந்துபோகும். பின்னலைப் பிரித்து ஒரு சாண் ஒட்டுப்போட்டால் அந்தக் கழித்தல் கெடும். மஞ்சள் உறை போட்ட ஒயர் தென்பட்டால் கையை எடுத்துவிடுங்கள். அது ஏர்பேக்குக்குப் போவது. கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிய வேண்டிய பொருளை டெஸ்ட்டர் வைத்துச் சோதிக்கக்கூடாது.

ஜி.டி.நாயுடு இளம் வயதில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே இயந்திரம் கற்றார், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தந்தார்கள். அந்தக் காலத்து இயந்திரம் எதையும் ஒளிக்கவில்லை. பிரித்தால் தெரியும். இன்றைக்குப் பிரித்தால் ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குள் எழுத்து வடிவில் ஒரு நிரல். ஆனால் அதற்கு ஒரு வாசலும் வைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங்கின் கீழே பதினாறு துளைகள் கொண்ட ஒரு சாக்கெட். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமான 'ஓபிடி' ஏற்பாடு. நம்மூருக்கும் புகை விதிகளோடு வந்து சேர்ந்தது. புளூடூத் கருவி ஒன்றைச் செருகினால் செல்போனிலேயே கோளாறு எண் வரும். பி-0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். எந்தக் கம்பெனிக் காராக இருந்தாலும் அதே எண், அதே பொருள்.

இதை வாங்கியவுடன் எல்லாருக்கும் டாக்டர் பட்டம் வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. பி-0171 என்று ஒருநாள் காட்டியது: கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இணையத்தில் தேடி ஆக்ஸிஜன் சென்சார் விலையைப் பார்த்துக்கொண்டே பாயிடம் சொன்னேன். அவர் இன்ஜின் ஓடும்போது ஒரு பழைய டியூப் துண்டைக் காதில் வைத்து, மறுமுனையை ஹோஸ் பைப்புகளின் மேலாக நகர்த்தினார். ஓரிடத்தில் நின்றார். "இந்தா, கேளுங்க." பாம்பு சீறுவது மாதிரி. வெயிலில் வெடித்த ஒரு ரப்பர் குழாய், கணக்கில் வராத காற்றை உள்ளே உறிஞ்சிக்கொண்டிருந்தது. சென்சார் பொய் சொல்லவில்லை. காற்று அதிகம் என்று உண்மையைத்தான் சொல்லியது. தகவல் கொண்டுவந்தவனை வேலையைவிட்டு நீக்கப் பார்த்தவன் நான். கோளாறு எண் நோயின் பெயரல்ல, தெர்மாமீட்டர் காட்டும் டிகிரி.

இந்தப் பொது எண்களைத் தாண்டியவை ஒவ்வொரு கம்பெனியின் ரகசியப் பெட்டிக்குள் இருக்கின்றன. வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரி பாகங்களும் ஸ்கேனர் கருவிகளும் கிடைக்காதபடி செய்தார்கள் என்று 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்குமேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு அமைத்தது, அந்த டிசம்பர் 24-ஆம் தேதி அதற்கென ஓர் இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவிகளும் வாகனங்களும் அதன் வரம்பில் வருகின்றன. டெல்டாவில் ஒரு டிராக்டர் நடவுக்கு முந்தின வாரம் கம்பெனி ஆளுக்காகக் காத்து நின்றால் போவது அந்த வாரம் மட்டுமல்ல. எனவே 'நானா, மெக்கானிக்கா' என்று நாம் வாதாடிக்கொண்டிருக்கையில், இரண்டு பேர் கையிலிருந்தும் ஸ்பேனரைப் பிடுங்க மூன்றாவது ஆள் நிற்கிறார் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த விஷயத்தில் நான் முழுக்க பாய் கட்சி.

இனி கை வேலைக்கு வருகிறேன். அதில் என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். நானே இன்ஜின் ஆயில் மாற்றினேன். ஆயில் வடிக்கும் போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது, ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் இன்னும் ஒரு அரைச் சுற்று. ஸ்பேனர் திடீரென்று லேசாகச் சுழன்றது. அந்த லேசு வயிற்றைக் கலக்கும் லேசு. மரை போய்விட்டது.

போல்ட் என்பது பார்க்க இரும்பு, குணத்தில் ஸ்பிரிங். முடுக்கும்போது அது மயிரிழை நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் இறுக்கிப் பிடிக்கிறது. நாம் கொடுக்கும் திருகு விசையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் இந்த நீட்டலுக்குப் போகிறது. மிச்சம் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே தீரும். எனவே மரையில் எண்ணெய் பட்டிருந்தால் அதே பலத்துக்குப் போல்ட் இன்னும் அதிகமாக நீளும். நான் எண்ணெய்க் கையோடு, எஃகு போல்ட்டை அலுமினியத் தொட்டியில் முடுக்கினேன். இரண்டில் மென்மையானது எதுவோ அதன் மரைதானே போகும்? பாய் புது மரைச் சுருள் இறக்கிச் சரிசெய்தார், ஒன்றும் சொல்லவில்லை. பட்டறைப் பையன் மட்டும் சிரித்தான்.

கார் சக்கர நட்டுக்கு வேண்டிய முடுக்கம் சுமார் 100 நியூட்டன் மீட்டர். ஒரு அடி நீள வீல் ஸ்பேனரின் முனையில் 33 கிலோ எடையை வைத்தால் வரும் அளவு. ஸ்டெப்னி மாற்றும்போது ஸ்பேனர்மேல் ஏறி நிற்கிறோமே, 70 கிலோ ஆள் நின்றால் அது இருமடங்குக்கும் மேல். ஸ்டட் அன்றைக்கு உடையாது. நீண்டது நீண்டபடி தளர்ந்து, என்றைக்கோ உடையும். பாயின் மணிக்கட்டுக்கு இந்தக் கணக்கு பத்துப் பதினைந்தாயிரம் நட்டுகளில் பழகியது. என் மணிக்கட்டுக்கு அது இல்லை என்பதால் டார்க் ரெஞ்சு ஒன்று வாங்கினேன். குறித்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சொல்லிவிடும்.

பிரேக்கை நான் தொடுவதில்லை. கஷ்டமான வேலை என்பதால் அல்ல, பேட் மாற்றுவது பார்க்கப்போனால் ஆயில் மாற்றுவதைவிட லேசு. ஃபியூஸைத் தப்பாகப் போட்டால் வாசலிலேயே தெரிந்துவிடும், வைப்பர் பிளேடைத் தப்பாக மாட்டினால் அடுத்த தூறலில். பிரேக்கில் செய்த தப்பு, முன்னால் போகும் கரும்பு லாரி சட்டென்று நிற்கும்போது தெரியும். பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 வகை புதிதில் 205 டிகிரிவரை கொதிக்காமல் நிற்கும். நாலு சதவீதத்துக்கும் குறைவாகத் தண்ணீர் சேர்ந்தாலே 140-க்கு இறங்கிவிடும். எங்கள் ஊரில் அது வெளியே தெரியாது. பாலம் ஏறுவதுதான் இங்கே மலையேற்றம், பிரேக் சூடாக வாய்ப்பே இல்லை. பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு கொடைக்கானல் போய் இறங்கும்போது தெரியும். 1,200 கிலோ வண்டி 1,800 மீட்டர் இறங்கும்போது கழிக்க வேண்டிய ஆற்றலால் எட்டு லிட்டர் தண்ணீரை முழுக்க ஆவியாக்கலாம். கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கினால் அதில் பெரும்பகுதி அந்த நாலு சக்கரங்களில் சேர்கிறது. ஆயில் கொதித்துக் குழாயில் ஆவிக் குமிழ் வந்தால், மிதிப்பது குமிழை நசுக்குவதில் தீர்ந்துபோகும். திரவம் அமுங்காது என்ற நம்பிக்கையில்தான் பிரேக்கே நிற்கிறது.

திரவம் அமுங்காது என்பதே வேறு இடத்தில் எமன். கார்த்திகை மழையில் சாலைமேல் வெட்டாற்றுத் தண்ணீர் ஓடும்போது தைரியமாக இறக்கி, நடுவில் வண்டி நின்றுவிட்டால் நம் கை தானாகச் சாவிக்குப் போகும். போகக்கூடாது. 1,000 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டன் மேலே வந்து முட்டும்போது எஞ்சும் இடம் ஏறத்தாழ 37 மில்லி. அதற்குமேல் தண்ணீர் உள்ளே போயிருந்தால், அரை டம்ளர் காப்பி அளவுகூட வேண்டாம், பிஸ்டனுக்குப் போக இடமில்லை. ஸ்டார்ட்டர் விடாமல் சுற்றினால், அல்லது இன்ஜின் இன்னொரு சிலிண்டரில் பற்றிக்கொண்டால், கனெக்டிங் ராட் வளையும். நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளிக் கரையேற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றுவது அப்புறம் பட்டறையின் வேலை. பல இன்ஷூரன்ஸ் பாலிசிகளில், தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுக்காவிட்டால் இப்படிப் போன இன்ஜினுக்குப் பணம் வராது. இங்கே நாமே செய்யும் மிகப்பெரிய ரிப்பேர், சாவியைத் தொடாமல் இருப்பது.

போன மாசியில் இன்ஜின் பக்கம் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். பாய் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை ஒவ்வொரு இடமாக வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேட்பார், டாக்டர் ஸ்டெத் வைப்பதுபோல. இரும்புக்குள் ஓடும் ஒலி காற்றுக்குத் தாவும்போது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இரும்பிலிருந்து இரும்புக்கும் எலும்புக்கும் போகும்போது அந்த நஷ்டம் பெருமளவு மிச்சமாகிறது. பத்து விரற்கடை தள்ளியிருக்கும் இரண்டு பேரிங்குகளில் எது அழுகிறது என்று அதில் பிரித்துச் சொல்லிவிடலாம். ஆனால் பாய் அன்று ஒரு கல்யாணத்துக்கு நாகூர் போயிருந்தார். செல்போனில் சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பினேன். சிறிது நேரத்தில் பதில் குரல் வந்தது.

"கேட்டேன் தம்பி. நல்லா ஓடிக்கிட்டிருந்தப்ப எடுத்த சத்தம் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

இருந்தது. நோட்டு எழுதும் பழக்கத்தோடு மாதம் ஒருமுறை இன்ஜின் சத்தத்தைப் பதிந்து வைப்பதும் வந்திருந்தது, வீட்டில் கேலி செய்தாலும். தையில் எடுத்ததை அனுப்பினேன். அதில் பின்னணியில் திருவாரூர் போகிற ரயிலின் ஹார்னும் சேர்ந்திருந்தது. நானும் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். புதியதில் அந்த 'கிர்ர்', ஏசி போட்ட பிறகு மட்டும்.

"டென்ஷனர் பேரிங்கா இருக்கும். ஏசி போட்டா பெல்ட்டு கூட இழுக்குதுல்ல, அதான் அப்ப கத்துது. நாளைக்குக் காலையில கொண்டாங்க. வர்றப்ப ஏசி போடாதீங்க."

"எட்டு மணிக்கு வரட்டா பாய்?"

"வாங்க. குழியில இன்னும் தண்ணி கெடக்கு, வாசல்லயே வச்சுப் பாத்துடுவோம்."